பத்துப் பேர் விட்ட மூச்சு

பாப்பாவுக்கு வயது நாற்பத்திரண்டு. காதோரம் நரை வந்தாகிவிட்டது. மூக்குக்கண்ணாடியும் ஏறியாகிவிட்டது. ஆனாலும் அண்ணன் சேர்மனாக இருக்கிற பேட்டரி தொழிற்சாலையில் அவள் பாப்பாதான். போன வாரம் நிர்வாகக் குழுக் கூட்டத்தில், வங்கிக்காரர்கள் முன்னிலையில், "அதையெல்லாம் எங்க பாப்பா பார்த்துக்கும்" என்று அண்ணன் சொன்னபோது, மேஜைக்கு அடியில் அவள் ஒரு கால் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். எறியவில்லை. எறிந்திருக்கலாம் என்று அன்றிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில்தான் அண்ணன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இப்போது தயாராகிற பேட்டரி செல் லாட் மின்சார பஸ் கம்பெனிக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் செல் தயாரிக்கிற லைனை மூடிவிட்டு, கப்பலில் வருகிற வெளிநாட்டு செல்லை வாங்கிப் பெட்டியில் அடுக்கி, மேலே நம் பெயரை ஒட்டி விற்பது. கொள்முதலைக் கவனிக்கும் அண்ணிக்கு இதில் பரம திருப்தி.

"வாங்கி ஒட்டுறதை விட்டுட்டு எதுக்கு இந்தப் பாடு?" என்று அவள் அன்றைக்கும் கேட்டாள், என்றைக்கும் கேட்கிறாள்.

பாப்பா அந்த லைனுக்காக வருஷக்கணக்கில் அலைந்தவள். ஆற்றுக்கு அக்கரையில் செல்லுக்குள் போகிற பொடி தயாரிக்கும் ஆலை, பக்கத்து ஊரில் செம்புத் தகடு உருட்டும் ஆலை, புறவழிச் சாலையில் பழைய பேட்டரியைப் பிரித்து உலோகம் எடுக்கிற கூடம், பாலிடெக்னிக்கில் பேட்டரிக்கென்றே ஒரு வகுப்பு, எல்லாம் அவள் படியேறிப் பேசிப் பேசி வந்தவை. "நீங்க ஆரம்பிங்க, வாங்க நாங்க இருக்கோம்" என்று ஒவ்வொரு முதலாளியிடமும் வாக்குக் கொடுத்திருக்கிறாள். லைன் மூடினால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

லைனின் உயிர் உலர்அறையில் இருக்கிறது. அங்கே காற்றில் ஈரம் என்ற பேச்சே கூடாது. வேலை செய்பவர்களுக்கு உதடு வெடிக்கும். கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் காயாமல் வந்தால் அன்றைக்கு வாசலோடு சரி. செல்லுக்குள் ஊற்றுகிற திரவத்துக்கும் ஈரத்துக்கும் அப்படியொரு ஜென்மப் பகை. ஒரு தடவை ஈரத்தைக் குடித்துவிட்டால் பிறகு தலைகீழாக நின்றாலும் பிரிக்க முடியாது. அந்தச் செல் உடனே ஒன்றும் செய்யாது. சாதாரண சோதனைகளில் சமர்த்தாகப் பாஸாகிவிடும். பஸ்ஸில் ஏறி, சில மாதங்கள் ஓடி, வெயில் காலம் வந்த பிறகுதான் உள்ளே வாயு சேர்ந்து வயிறு உப்பும். அதற்கு மேல் நெருப்புதான்.

இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மனிதனிடமிருந்துதான். மூச்சு விடுகிறான், வியர்க்கிறான். காற்றை உலர்த்துகிற இயந்திரம் எட்டுப் பேரைத் தாங்கும். ஒன்பதாவது ஆள் நுழைந்தால் ஈரத்தைக் காட்டும் மீட்டர் ஏற ஆரம்பித்துவிடும்.

அந்த மீட்டருக்கு முன்னால் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் பெயர் மீட்டர்தான். அளவைத் தானே பதிந்து வைக்கிற கருவி பழுதாகி, மாற்றுக் கருவி வருகிறது வருகிறது என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருந்ததால், கண்ணால் பார்த்துக் கண்காணிக்க அவனை உட்கார வைத்திருந்தாள் பாப்பா.

"என்ன மீட்டர், எப்படி இருக்கு?"

"நல்லா காஞ்சு கிடக்குக்கா. என் உதட்டைப் பாருங்க."

"உன் உதட்டை யாரு கேட்டா? மெஷினைப் பாரு."

"மெஷின் பொய் சொன்னாலும் சொல்லும், என் உதடு சொல்லாதுக்கா."

பாப்பா சிரித்துவிட்டாள். இன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறு பேர் வெள்ளை அங்கியில் நின்றார்கள். எல்லா டிரேயிலும் திரவம் ஊற்றியாகிவிட்டது. அது உள்ளே ஊறி இறங்கும் வரை செல்களின் வாய் திறந்தே இருக்கும். ஊறியதும் சீல் வைத்து, சாயங்காலம் பஸ் கம்பெனி வேனில் ஏற்றிவிட வேண்டும். முதல் சார்ஜைத் தங்கள் சோதனைக்கூடத்தில் தாங்களே ஏற்றிக்கொள்வதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். இந்த ஊறுகிற நேரம்தான் ரொம்பப் பொல்லாத நேரம். அதனால்தான் பார்வையாளர்களைக் காலையிலேயே கூட்டி வந்துவிடு என்று அண்ணனிடம் கரடியாகக் கத்தியிருந்தாள்.

அண்ணன் மத்தியானச் சாப்பாடு முடிந்து, சாவகாசமாக வந்தார். பின்னால் ஒரு கூட்டம். வங்கிக்காரர்கள், அரசு அதிகாரிகள், பொடி ஆலை முதலாளி, தகடு ஆலை முதலாளி, பஸ் கம்பெனியின் தலைமை எஞ்சினியர். அண்ணனையும் சேர்த்துப் பத்துப் பேர்.

"பாப்பா, கதவைத் திற. எல்லாரும் வந்தாச்சு."

"அண்ணா, காலையில வரச் சொன்னேன்."

"சாப்பாடு கொஞ்சம் இழுத்துடுச்சு. அஞ்சே நிமிஷம்."

"செல் எல்லாம் வாயைத் திறந்து கிடக்கு. இப்ப யாரையும் விட முடியாது. கண்ணாடி வழியா பார்க்கட்டும்."

வங்கிக்காரர் ஒருவர் கண்ணாடியில் விரலால் தட்டினார். "கண்ணாடி வழியா பார்க்க இது என்ன மீன் தொட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிப்புதான் பெரிசு.

"உள்ள ஆறு பேர் இருக்காங்க சார். இன்னும் ரெண்டு பேருக்குத்தான் இடம்."

"நாங்க ஓரமா நிக்கிறோம்மா. எதையும் தொட மாட்டோம்."

"நீங்க தொட்டாக்கூட பரவாயில்லைங்க. மூச்சு விடறதுதான் பிரச்சினை."

"அப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வரோம்!" என்றார் வங்கிக்காரர். மறுபடி சிரிப்பு.

பாப்பா கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்தார்.

"எங்க பாப்பா ஒண்ணு சொன்னா சொன்னதுதான். வாங்க, முதல்ல ஒரு காபி சாப்பிடலாம்."

அண்ணன் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததுமே அவள் உஷாராகியிருக்க வேண்டும். பெற்றோர் போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர். ஒரு பென்சிலைக்கூட வாதாடாமல் விட்டுக்கொடுத்த மனிதர் இல்லை.

சற்று நேரத்தில் அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, அந்தப் பதிவுக் கருவி விஷயம். சப்ளையர் இப்ப லைன்ல இருக்கார். நீயே வந்து பேசிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும்."

எத்தனை வாரமாகக் கெஞ்சிக் கேட்ட கருவி! பாப்பா எழுந்தாள்.

"மீட்டர், நான் மேல போயிட்டு வந்துடறேன். யார் வந்தாலும் கதவைத் திறக்காதே."

"யாரு வந்தாலுமாக்கா?"

"யாரு வந்தாலும்."

மாடி அறையில் அண்ணி போனைக் காதில் வைத்தபடி, உட்கார் என்று கையைக் காட்டினாள். "ஆமா... ஆமா... சொல்லுங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பாப்பாவுக்கு ஒரு காபி வந்தது. அது ஆடை கட்டியது. அண்ணி இன்னும் "ஆமா, ஆமா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்புக்கூட வரவில்லை.

"அண்ணி, போன்ல யாரு?"

அண்ணி ஒரு விரலைத் தூக்கி, இரு என்றாள். பாப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கீழே, டிரே வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிற பின்பக்கக் கதவு தெரிந்தது. கதவுக்கு வெளியே பளபளவென்று பாலீஷ் போட்ட ஷூக்கள் வரிசையாகக் கிடந்தன. பத்து ஜோடி.

"அண்ணி!"

அண்ணி போனைக் கீழே வைத்தாள். முகத்தை ஜன்னலுக்குத் திருப்பவில்லை.

"உங்க அண்ணன்தான் சொன்னார். நான் என்ன பண்றது?"

பாப்பா மாடிப்படியில் ஓடினாள். அங்கியை மாட்டிக்கொண்டு, பித்தானைக்கூடப் போடாமல் நுழைந்தாள். உள்ளே அண்ணன் நடுநாயகமாக நின்று கையை விரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"மண்ணுல இருந்து பஸ் வரைக்கும், எல்லாமே நம்ம வட்டாரத்துலயே! வெளியில இருந்து ஒரு ஆணிகூட வர வேண்டாம்!"

பொடி ஆலை முதலாளி ஒரு டிரே மேல் குனிந்திருந்தார். தன்னுடைய பொடி செல்லாகியிருக்கிற அழகைப் பார்க்க மூக்கை அதற்குள்ளேயே விட்டிருந்தார். கண்கூடக் கலங்கியிருந்தது, பாவம். மூச்சைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்ன வங்கிக்காரர் அடுத்த டிரேயின் முன்னால் இருமிக்கொண்டிருந்தார்.

"வெளிய வாங்க! எல்லாரும்! இப்பவே!"

அவ்வளவு உரக்க அவள் அந்த அறையில் கத்தியதே இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, கல்யாண மண்டபத்திலிருந்து கிளம்புகிற மாதிரி ஆற அமர வெளியே போனார்கள்.

மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. அந்த இயந்திரத்தில் முள் அங்கே போய் அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் மீட்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"நான் முன்கதவைத்தான் பார்த்துட்டு இருந்தேன்க்கா. சேர்மன் பின்பக்கமா..."

 முள் கீழே இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். இறங்கியது, மெதுவாக. அதற்குள் குடிக்க வேண்டிய ஈரத்தை எல்லாம் செல்கள் குடித்து முடித்திருக்கும்.

அங்கி மாற்றுகிற அறையில் அண்ணனைப் பிடித்தாள்.

"லாட் போச்சுண்ணா."

"என்ன போச்சு? எல்லாம் வச்சது வச்ச மாதிரி இருக்கு."

"மீட்டர் கோட்டைத் தாண்டிடுச்சு."

"திரும்ப இறங்கிடுச்சுல்ல? அப்புறம் என்ன? யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சா என்ன, எனக்குத் தெரிஞ்சா என்ன? வீட்டோட இருக்கட்டும்."

"அண்ணா, அது பஸ்ல போகப்போற செல். அதுல ஏறி உட்காரப் போறது யாரு? ஸ்கூல் பிள்ளைங்க, ஆஸ்பத்திரிக்குப் போறவங்க..."

"சரி, இதை வேண்டாம்னு ஒதுக்கிடு. வேற லாட் எங்க? பொடி இருக்கா?"

இல்லை. பொடி ஆலையின் உலை பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. அடுத்த பொடி வர இரண்டு மாதம் ஆகும். பஸ் கம்பெனி இரண்டு மாதம் காத்திருக்காது. இதெல்லாம் அண்ணனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"லைன் வேணும் லைன் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னது யாரு? நீ. உனக்காகத்தான் இத்தனை பேரைக் கையைக் காலைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். அவங்க உள்ள வந்து கண்ணால பார்த்தாதான் நம்புவாங்க பாப்பா. கண்ணாடிக்கு வெளிய நிறுத்தினா எவன் நம்புவான்?"

அதுதான் வயிற்றெரிச்சல். அண்ணன் கெட்டவர் இல்லை. நிஜமாகவே அவளுக்காகத்தான் செய்திருக்கிறார். அவள் பாடுபட்டதை அவளுக்காகவே கெடுத்துவைத்திருக்கிற மனிதரை அவள் என்ன சொல்லித் திட்டுவது? திட்ட வார்த்தை தேடித் தேடிக் கடைசியில் அழுகைதான் வந்தது. அதுவும் அந்த அறைக்குள் கூடாது என்பதால் வெளியே வந்தாள்.

சாயங்காலம், கூட்ட அறை. சீல் வைத்த டிரேக்கள் பெட்டிகளுக்குள் போய்விட்டன. வேன் வாசலில் நின்றது. அண்ணன் நன்றி சொல்ல எழுந்தபோது பாப்பாவும் எழுந்தாள்.

"அந்த லாட்டை எடுத்துட்டுப் போகாதீங்க. நீங்க எல்லாரும் உள்ள இருந்தப்போ ஈரம் அளவைத் தாண்டிடுச்சு. அந்தச் செல்லை பஸ்ல வைக்கக் கூடாது."

 அண்ணன் ஒரே விநாடிதான் தடுமாறினார்.

"பாப்பா ரெண்டு மூணு நாளா சரியா தூங்கல. கொஞ்சம் பதற்றம். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான், பரீட்சை எழுதிட்டு வந்து ஃபெயில் ஃபெயில்னு அழும். பார்த்தா முதல் மார்க் வாங்கியிருக்கும்."

சிலர் சிரித்தார்கள். பாப்பாவுக்குக் காது ஜிவ்வென்று சூடாகியது. பஸ் கம்பெனி எஞ்சினியர் மட்டும் கையைத் தூக்கினார்.

"மீட்டரைப் பார்த்துக்கிட்டிருந்த ஆள் யாரு? அவரைக் கூப்பிடுங்க."

பாப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவருகே நின்ற மீட்டர் முன்னால் வந்தான்.

"சொல்லுங்க. கோட்டைத் தாண்டிச்சா?"

மீட்டர் சேர்மனைப் பார்த்தான். பாப்பாவைப் பார்த்தான். வெடித்த உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டான்.

"இல்லைங்க சார். கோட்டுக்குக் கீழதான் இருந்துச்சு."

பாப்பா அவன் பக்கம் திரும்பினாள். "மீட்டர்!" என்றாள். அவன் நிமிரவே இல்லை. அண்ணன் அவள் தோளைத் தட்டி உட்கார வைத்தார். கூட்டம் முடிந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. வங்கிக்காரர் போகிற போக்கில், "நல்லா தூங்கி எழுந்திரும்மா" என்றார்.

வராண்டாவில் மீட்டர் காத்திருந்தான்.

"அக்கா..."

"பேசாதே."

"நீங்கதானேக்கா சொன்னீங்க? இந்த லாட் போகலைன்னா லைனே இல்லைன்னு. தினமும் ஷிப்ட் ஆரம்பிக்கிறப்போ எங்களை நிக்க வச்சுச் சொன்னீங்களே. லைன் மூடினா நாங்க ஸ்க்ரூ முடுக்கிக்கிட்டுக் கிடக்கணும்னு சொன்னீங்க. அதுவும் பாதிப் பேர்தான்னு சொன்னீங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்கக்கா."

 அவன் சொன்ன ஒவ்வொன்றும் அவள் வாயிலிருந்து வந்ததுதான். பயமுறுத்தி வேலை வாங்கினால் பயந்துதானே போவார்கள் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அங்கேயே நின்று அழலாம், இல்லை வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம். வீடும் அண்ணன் வீட்டு மாடிதான். இரண்டும் பிடிக்காமல் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள்.

வேனின் பின்பக்கம் பெட்டிகள். அவற்றைக் கண்ணை விட்டு அகல விடக் கூடாது என்பது அவர்கள் விதியாம். அதனால் எஞ்சினியர் தானே நடு இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார். பாப்பா கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன மேடம் இது?"

"நானும் வரேன் சார். முதல் சார்ஜ் முடிஞ்சதும் அந்தச் செல்லை உங்க சூட்டு அறையில வைங்க. சூட்டுல சீக்கிரம் தெரிஞ்சிடும். வீங்கற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்."

"வீங்கலைன்னா?"

"வீங்கலைன்னா அதைவிட எனக்கு என்ன சந்தோஷம் இருக்கு?"

அண்ணன் வாசல்படியில் ஷூவைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வந்தார். வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, இறங்கு. ஊர் சிரிக்கும். இறங்கு."

"மாட்டேண்ணா."

"நீ சொல்றது பொய்யின்னு ஆனா, உன் மானம் போகும். நிஜம்னு ஆனா, லைனே போகும். நான் எதுக்குன்னு வேண்டிக்கிறது, சொல்லு?"

அவர் குரல் உடைந்திருந்தது. பாப்பா, ஜன்னலைப் பிடித்திருந்த அவர் கை மேல் தன் கையை வைத்தாள்.

"நான் தோத்துப் போகணும்னு வேண்டிக்கோ. நானும் அதுக்குத்தான் வேண்டிக்கப் போறேன்."

டிரைவர் வண்டியை எடுத்தார். அண்ணன் நாலடி கூடவே நடந்து வந்து, பிறகு கையை எடுத்துவிட்டார். வேன் கேட்டைத் தாண்டியது. தகடு ஆலை லாரி ஒன்று எதிரே வந்து, வழி கொடுக்க ஒதுங்கி நின்றது.

"மேடம்," என்றார் எஞ்சினியர் தாழ்ந்த குரலில். "மீட்டரைப் பார்த்தது நீங்களும் அந்த ஆளும் மட்டும்தான்னு நினைச்சீங்களா?"

பாப்பா திரும்பினாள்.

"நானும் பார்த்தேன். கோட்டைத் தாண்டிச்சு. நல்லாவே தாண்டிச்சு."

"அப்புறம்? தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு சார் லாட்டை எடுத்தீங்க? எல்லார் முன்னாடியும் அவனை எதுக்குக் கேட்டீங்க?"

எஞ்சினியர், டிரைவரின் முதுகைக் கண்ணால் காட்டி, விரலை உதட்டில் வைத்து, "உங்களைத் தவிர யாராவது ஒத்துக்கிறாங்களான்னு பார்க்கத்தான் கேட்டேன், இனி வீங்கின செல்லைக் காட்டினாதான் நம்புவாங்க, அதுவரைக்கும் இது வெளிய போகக் கூடாது" என்று கிசுகிசுத்தார்.